பாதியில் நின்ற டவுன்லோடு எங்கே நின்றது?

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904-ஆம் ஆண்டிலிருந்து சூரியனைப் படம் பிடித்திருக்கிறார்கள். மேகம் விலகிய நாளெல்லாம் பிடித்திருக்கிறார்கள். சூரியப்புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிநோக்கி ஓடுகிறது என்பதை ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில் கண்டுபிடித்தது இங்கேதான். அந்த நூறாண்டுக் கண்ணாடித் தகடுகளையும் ஃபிலிம்களையும் இந்திய வானியற்பியல் நிறுவனம் டிஜிட்டல் படங்களாக மாற்றி, ஆய்வாளர்கள் இணையம் வழியே எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. ஒரு தகட்டை 4096-க்கு 4096 புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியின் ஒளி அளவையும் 2 பைட்டில் எழுதினால் 3,35,54,432 பைட் ஆகிறது. ஒரு நாள் சூரியனுக்கு 33 எம்பி சொச்சம்.

ஆய்வகம் இருக்கும் அதே பழனி மலையில்தான் போளூரும் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூர் அல்ல. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று மேல்மலைச் சாலையில் போய்க்கொண்டே இருந்தால் கிளாவரைப் பக்கம் வரும் போளூர். பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் போடுகிற ஊர். ரேடியோ அலை மலை முகட்டைத் துளைத்துக்கொண்டு வராது. டவர் கண்ணில் படும் மேட்டில் கிடைக்கிற சிக்னல், சரிவில் கொஞ்சம் இறங்கினாலே தேய்ந்துவிடும். மலையூர் எல்லாவற்றுக்கும் இதுதான் கதை.

அங்கே பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவி அந்தச் சூரியப் படத்தை இறக்கப் பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 20 மெகாபிட் வருகிற சென்னை அலுவலகத்தில் அந்தக் கோப்பு 13, 14 விநாடியில் இறங்கிவிடும். விநாடிக்கு 256 கிலோபிட் கிடைக்கிற பள்ளத்தில் அதற்குப் பதினேழரை நிமிடம் பிடிக்கும். வலைச் செயலி எழுதுகிற எங்களில் பெரும்பாலோர் அந்த 13 விநாடி உலகத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறோம், சோதிக்கிறோம். மீதிப் பதினேழு நிமிடத்தில் என்னவெல்லாம் நடக்கக்கூடும் என்று பார்க்காமலே வேலை முடிந்ததாகச் சொல்லிவிடுகிறோம். சூரியப் படம் இல்லாவிட்டால் ஒருவருக்கும் நஷ்டமில்லை என்று சொல்லலாம். ஆனால் பட்டா நகல், வருமானச் சான்றிதழ், ஹால் டிக்கெட், மதிப்பெண் பட்டியல் எல்லாம் இப்போது இதே வழியில்தான் வந்து சேர்கின்றன. டவுன்லோடு நின்றுபோனால் "நெட் சரியில்லை" என்ற ஒரே சொல்லில் பழியை மலைமேல் போட்டுவிடுகிறோம். பல சமயம் பழி மலையுடையது அல்ல. யாருடையது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

முதலில், பொத்தானை அழுத்தியதும் நடப்பது என்ன? பிரவுசர் சர்வரிடம் கோப்பைக் கேட்கிறது. சர்வர் கோப்பை அனுப்புவதற்கு முன்னால் சில தலைப்பு வரிகளை அனுப்புகிறது. முதல் வரியில் மூன்று இலக்க எண் இருக்கும்: 200 என்றால் சரி, 403 என்றால் அனுமதியில்லை, 404 என்றால் அப்படி ஒன்று இல்லை, 500 என்றால் சர்வருக்கே கோளாறு. அதன் பின், வருவது எந்த வகைக் கோப்பு, அதற்கு என்ன பெயர் வைப்பது, திரையில் காட்டுவதா சேமித்துவைப்பதா, மொத்தம் எத்தனை பைட் என்ற விவரங்கள். இவற்றில் கடைசியாகச் சொன்ன நீளவரிதான் நமக்கு முக்கியம். பூண்டு மூட்டை ஏற்றிய வண்டியோடு, இத்தனை மூட்டை என்று எழுதிய சீட்டும் மண்டிக்குப் போகிறதே, அந்தச் சீட்டு இது. சீட்டு இருந்தால் இறக்குகிற இடத்தில் எண்ணிச் சரிபார்க்கலாம். சில சர்வர்கள் நீளத்தைச் சொல்லாமல் துண்டு துண்டாக அனுப்பும். அப்போது பிரவுசரால் "40 சதவீதம் முடிந்தது" என்று காட்ட முடியாது. இறங்கிய அளவு மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். பள்ளத்தில் உட்கார்ந்து காத்திருப்பவருக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்றே தெரியாது.

டவுன்லோடு கெட்டுப்போனது என்று யார் வந்து சொன்னாலும் நான் முதலில் கேட்பது, வந்து சேர்ந்த கோப்பு எத்தனை பைட் என்பதைத்தான். அளவு பெரும்பாலான வழக்குகளைத் தீர்த்துவிடும்.

கோப்பு சில கிலோபைட்தான் இருக்கிறது, பெயர் மட்டும் பட்டா என்றோ சான்றிதழ் என்றோ இருக்கிறது, திறந்தால் "சேதமடைந்த கோப்பு" என்கிறது. இதை நோட்பேடு போன்ற சாதாரண எழுத்துச் செயலியில் திறந்து பார்க்க வேண்டும். உண்மையான பிடிஎஃப் ஒரு சதவீதக் குறியோடும் அதை ஒட்டி பி, டி, எஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடும் தொடங்கும். எக்செல், வேர்டு கோப்புகளின் புதிய வடிவங்கள் உண்மையில் ஜிப் பொதிகள். அவை பி, கே என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும், ஜிப் வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள் அவை. இவற்றுக்குப் பதிலாக முதல் எழுத்தே கோணல் அடைப்புக்குறியாக இருந்தால், வந்திருப்பது ஒரு வலைப்பக்கம். கீழே தேடினால் பயனர் பெயர், கடவுச்சொல் என்ற சொற்கள் கிடைக்கும். உள்நுழைந்து நெடுநேரம் ஆனதால் சர்வர் அவரை வெளியேற்றிவிட்டு, கோப்புக்குப் பதில் உள்நுழைவுப் பக்கத்தை, அதுவும் 200 என்ற "சரி" எண்ணோடு, அனுப்பியிருக்கிறது. பிரவுசரும் அதைக் கேட்ட பெயரிலேயே சேமித்துவைத்திருக்கிறது. இதில் சிக்னலுக்குப் பங்கே இல்லை. அனுமதி காலாவதியானதும் சர்வர் 401 என்றோ 403 என்றோ சொல்லியிருந்தால் பிரவுசர் டவுன்லோடு தோல்வி என்று நேராகக் காட்டியிருக்கும். எழுதியவர் அந்த ஒரு எண்ணைத் திருத்தினால் போதும்.

கோப்பு மூலத்தைவிடப் பெரிதாக, ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காக வந்திருக்கிறது என்று இன்னொருவர் சொல்கிறார். கேட்பவர் நம்பமாட்டார், பாதியில் அறுந்தால் குறையத்தானே வேண்டும்? இது அறுந்ததல்ல. பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல், வந்த பைட்டுகளை எழுத்து என்று நினைத்து வாசித்திருக்கிறது. யூடிஎஃப்-8 முறைப்படி எழுத்தாகாத பைட் வந்தால், அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைரவடிவத்துக்குள் கேள்விக்குறி போட்ட ஒரு குறியை வைப்பது வாசிப்பானின் வழக்கம். அந்தக் குறிக்கு 3 பைட். சுருக்கப்பட்ட கோப்பில் ஏறத்தாழ பாதி பைட்டுகள் 127-க்கு மேற்பட்டவை. ஒவ்வொன்றும் மூன்றாக ஊதினால் மொத்தம் இரண்டு மடங்கை நெருங்கும். இப்படிக் கெட்ட கோப்பைத் திரும்பப் பெற முடியாது, மூல பைட் எது என்ற தகவலே அழிந்துவிட்டது. மருந்து ஒரு சொல்தான்: பதிலை எழுத்தாக வாங்காமல் "பிளாப்" என்ற மூல வடிவில் வாங்கு என்று நிரலுக்குச் சொல்ல வேண்டும்.

அளவு அச்சாகச் சரியாக இருந்தும் கோப்பு திறக்காத வழக்கு ஒன்று உண்டு. அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சர்வர் நிரலை எழுதியவரின் எழுத்துச் செயலி, நிரல் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத 3 பைட் அடையாளத்தைச் சேர்த்துவிடுகிறது. பிஎச்பி போன்ற மொழியில் அந்த மூன்றும் பதிலோடு முதலில் வெளியேறிவிடும். நீளவரியில் எழுதியிருப்பது கோப்பின் உண்மையான நீளம். ஆகவே பிரவுசர் அத்தனை பைட்டை எண்ணி வாங்கிக்கொண்டு நிறுத்திக்கொள்கிறது. முன்னால் 3 பைட் கூடி, பின்னால் 3 பைட் வெட்டுப்பட்டுவிடுகிறது. பிடிஎஃப் வாசிப்பான்கள் பலவும் தொடக்கத்தில் கொஞ்சம் குப்பை இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். பிஎன்ஜி படம் பொறுக்காது. அதன் முதல் 8 பைட்டுகள் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்று இம்மி பிசகாமல் இருந்தாக வேண்டும். 1990-களில் அந்த வடிவத்தை வகுத்தவர்கள் இந்த எண்களைக் கண்டபடி எடுக்கவில்லை. 127-க்கு மேற்பட்ட 137, ஏழு பிட்டாக வெட்டும் வழியில் போனால் மாறிவிடும். 13-உம் 10-உம் வரிமுடிவுக் குறிகள், எழுத்துக் கோப்பு என்று நினைத்து யாராவது வரிமுடிவை மாற்றினால் அவையும் மாறிவிடும். வழியில் என்ன கெட்டது என்பதை முதல் 8 பைட்டே சொல்லிவிட வேண்டும் என்று யோசித்து வைத்த ஏற்பாடு அது. இத்தனை அக்கறையோடு ஒரு கோப்பு வடிவத்தை வகுத்தவர்களை நினைத்தால் மரியாதை வருகிறது.

வானியலாளர்களின் ஃபிட்ஸ் வடிவமும் அந்த ரகம்தான். 1981-இல் வெளியாகி, அடுத்த ஆண்டே பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் ஒப்புதலைப் பெற்றது. கொடைக்கானல் சூரியப் படங்கள் போன்ற அறிவியல் படங்கள் இதில்தான் சேமிக்கப்படுகின்றன. இதன் விதி ஒன்று: கோப்பு முழுதும் 2880 பைட் கட்டங்களாகவே இருக்க வேண்டும். அந்தக் காலக் கணினிகளில் ஒன்று 36 பிட்டைச் சேர்த்து வாசிக்கும், இன்னொன்று 60 பிட்டை, மற்றொன்று 32 பிட்டை. 2880 பைட் என்பது 23,040 பிட். இவை எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும். நம் மாணவியின் படத்துக்கு 11,651 கட்டம் வேண்டும், கடைசிக் கட்டத்தில் 448 பைட் வெற்றிடம் நிரப்பப்படும். தலைப்புக்கு ஒரு கட்டம் சேர்த்தால் 3,35,57,760 பைட். இறங்கிய ஃபிட்ஸ் கோப்பின் அளவை 2880-ஆல் வகுத்து மீதி வந்தால் கோப்பு பாதியில் அறுந்திருக்கிறது என்று அடித்துச் சொல்லலாம், சர்வரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே.

உண்மையாகவே பாதியில் அறுந்த வழக்குக்கு வருவோம். இங்கே இரண்டாவது கேள்வி: திரும்பத் திரும்ப முயன்றபோது ஒவ்வொரு முறையும் எங்கே நின்றது? மூன்று பதில்தான் இருக்க முடியும். ஒரே பைட்டில் நிற்கிறது, ஒரே விநாடியில் நிற்கிறது, கண்ட இடத்தில் நிற்கிறது.

ஒரே பைட்டில் நின்றால் சர்வரில் கோளாறு. கோப்பைச் சுருக்கி அனுப்பும் சர்வர், நீளவரியில் மட்டும் சுருக்காத அளவைச் சொல்லிவிட்டால், பிரவுசர் வராத பைட்டுகளுக்காகக் காத்திருந்து காத்திருந்து கைவிடும். எத்தனை முறை முயன்றாலும் அதே சதவீதத்தில்தான் நிற்கும். மிகப் பெரிய கோப்புகளில் இன்னொரு வினோதம்: 1 ஜிபியைத் தொட்டதும் நின்றுபோவது. உலகின் எண்ணற்ற வலைத்தளங்களுக்கு முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருள், பின்னால் இருக்கும் செயலியிடமிருந்து கோப்பை வேகமாக வாங்கித் தன் தற்காலிகக் கோப்பில் சேர்த்துக்கொண்டு, பயனருக்கு அவர் வேகத்தில் கொடுக்கும். அந்தத் தற்காலிகக் கோப்புக்கு இயல்பான உச்சவரம்பு 1024 எம்பி. அது நிரம்பியதும் வாங்குவதை நிறுத்திக்கொள்ளும். பின்னால் இருக்கும் செயலி, யாரும் வாங்கவில்லையே என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இணைப்பை மூடிவிடும். வேகமான இணைப்பில் தற்காலிகக் கோப்பு நிரம்புவதே இல்லை, ஆகவே அலுவலகத்தில் இந்தக் கோளாறு ஒருநாளும் தெரியாது. மெதுவாக வாங்குகிறவருக்கு மட்டும்தான் நேரும்.

ஒரே விநாடியில் நின்றால் ஏதோ ஒரு கடிகாரம் கொல்கிறது. 30-ஆவது விநாடி, 60-ஆவது விநாடி என்று முழு எண்ணாக இருக்கும். பைதான் செயலிகளை ஓட்டும் கூனிகார்ன், தன் பணியாள் 30 விநாடி தகவல் சொல்லாமல் இருந்தால் அதைச் சிக்கிக்கொண்டதாக எண்ணிக் கொன்றுவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கும். இயல்பு அமைப்பு அதுதான். சாதாரண வகைப் பணியாள் ஒன்று மெதுவான இணைப்புக்கு நேரடியாகக் கோப்பை ஊட்டிக்கொண்டிருந்தால் 30 விநாடியில் அதன் கதை முடிந்தது. 14 விநாடியில் முடிகிறவர் தப்பித்துவிடுவார். பதினேழரை நிமிடம் தேவைப்படுகிறவருக்கு ஒருபோதும் முடியாது, ஆயிரம் முறை முயன்றாலும். கோப்பை ஊட்டும் வேலையைச் செயலியின் தலையில் கட்டாமல், அதற்கென்றே செய்த முன்வரிசை சர்வரிடம் ஒப்படைத்தால் இது தீரும்.

கண்ட இடத்தில் நின்றால்தான் நெட்டைக் குறை சொல்ல வேண்டும். அங்கேயும் "சிக்னல் இல்லை" என்பதோடு விஷயம் முடிவதில்லை. இணையத்தில் தரவைப் பொறுப்பாகக் கொண்டுசேர்க்கும் டிசிபி என்ற ஏற்பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1986 அக்டோபரில், அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் 400 கஜம் தள்ளியிருந்த கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே இருந்த இணைப்பு, விநாடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து வெறும் 40 பிட்டுக்குச் சரிந்தது. நெரிசலில் துண்டுகள் தொலைந்தன. தொலைந்ததை எல்லோரும் மறுபடி அனுப்பினார்கள். நெரிசல் இன்னும் கூடியது. வான் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட தீர்வு எளிமையானது. ஒரு துண்டு தொலைந்தால் அதை நெரிசலின் அடையாளமாக எடுத்துக்கொள், உடனே வேகத்தைக் குறை, பிறகு மெல்ல மெல்லக் கூட்டு. இணையத்தைக் காப்பாற்றிய யோசனை அது. ஆனால் மலைச்சரிவில் ஒரு துண்டு தொலைவதற்கு நெரிசல் காரணமாக இருக்க வேண்டியதில்லை. முகடு அலையை மறைத்ததால் தொலைந்திருக்கலாம். செல்பேசி வலையமைப்பு தன் மட்டத்திலேயே மறுபடி மறுபடி அனுப்பிப் பார்க்கும், அதையும் மீறித் தொலைந்தால் பழைய டிசிபிக்குக் காரணம் தெரியாது. நெரிசல் என்றே எண்ணி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பலவீனமான சிக்னல் அதன் தகுதிக்கும் கீழே மெதுவாவது இதனால்தான். கூகுள் 2016-இல் அறிவித்த பிபிஆர் என்ற முறை, தொலைவதை மட்டும் நம்பாமல் உண்மையில் எவ்வளவு வேகத்தில் போய்ச் சேர்கிறது என்று அளந்து முடிவெடுக்கிறது. சர்வரில் அதை இயக்கிவிடலாம், பயனர் ஒன்றும் செய்ய வேண்டாம்.

வீட்டு வைஃபையை விட்டு செல்பேசி டேட்டாவுக்கு மாறினால் ஃபோனின் இணைய முகவரி மாறிவிடும். டிசிபி இணைப்பு இரண்டு முனைகளின் முகவரியையும் வைத்துத்தான் அடையாளம் காணப்படுகிறது; முகவரி மாறினால் இணைப்பு செத்தது. 2021 மே மாதம் தரப்படுத்தப்பட்ட குவிக் என்ற புதிய ஏற்பாடு, முகவரிக்குப் பதில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி அடையாள எண் கொடுக்கிறது. முகவரி மாறினாலும் இணைப்பைத் தொடர அதில் வழி உண்டு.

இவ்வளவும் செய்தாலும் மலையில் இணைப்பு அறுந்துதான் தீரும். ஆகவே அறுந்தபின் என்ன நடக்கிறது என்பதுதான் என் பார்வையில் எல்லாவற்றையும்விட முக்கியம். 90 சதவீதம் இறங்கி நின்றால், மிச்சம் 10 சதவீதத்தை மட்டும் வாங்கிக்கொள்ள முடியுமா?

முடியும். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1997 ஜனவரியில் வெளியான எச்டிடிபி 1.1 வரையறையிலேயே அதற்கு வழி செய்திருக்கிறார்கள். பிரவுசர் "3,02,00,000-ஆவது பைட்டிலிருந்து கொடு" என்று கேட்கும். சர்வர் 206 என்ற எண்ணோடு அந்தப் பகுதியை மட்டும் கொடுக்கும். டிஸ்கில் கிடக்கும் சாதாரணக் கோப்பை என்ஜின்எக்ஸ், அப்பாச்சி போன்ற சர்வர்கள் நேரடியாகப் பரிமாறும்போது இந்த வசதி தானாகவே இருக்கிறது. செயலி எழுதுகிற நாங்கள்தான் அதைக் கெடுக்கிறோம். அனுமதி சரிபார்க்க வேண்டும், யார் இறக்கினார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும் என்று கோப்புக்கு முன்னால் ஒரு நிரலை நிறுத்துகிறோம். அந்த நிரல் கோப்பைத் திறந்து தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஊற்றுகிறது. "இந்த பைட்டிலிருந்து கொடு" என்ற வரியைப் படிப்பதே இல்லை. அனுமதியை மட்டும் நிரல் பார்த்துவிட்டு, "இந்தக் கோப்பைக் கொடுத்துவிடு" என்று முன்வரிசை சர்வருக்கு ஒற்றை வரியில் சொல்லும் வசதி என்ஜின்எக்ஸிலும் இருக்கிறது, அப்பாச்சிக்கும் துணைத்தொகுதியாகக் கிடைக்கிறது. சில வரி வேலை.

சான்றிதழ், பட்டா நகல் போன்றவற்றில் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. கேட்கும் நேரத்தில் அந்தப் பிடிஎஃப்பை உருவாக்கிக் கொடுக்கும் வழக்கம் பல செயலிகளில் இருக்கிறது. உருவான நேரம் பிடிஎஃப்பின் உள்ளே பதிவாகும், அடையாள எண் மாறும். ஆகவே இரண்டாம் முறை கேட்டால் பார்வைக்கு அதே ஆவணம்தான், பைட்டுக்கு பைட் வேறு. முதல் கோப்பின் முன்பாதியையும் இரண்டாவதன் பின்பாதியையும் ஒட்டினால் எதுவும் திறக்காது. இதைத் தடுக்கத்தான் ஈடேக் என்ற அடையாள வரி. கோப்பின் இந்தப் பிரதிக்கு இந்த அடையாளம் என்று சர்வர் முதலிலேயே சொல்லிவிடும். தொடரும்போது பிரவுசர் அதே அடையாளத்தைக் காட்டி, பிரதி மாறவில்லையானால் மிச்சத்தைக் கொடு, மாறிவிட்டால் முழுதையும் கொடு என்று கேட்கும். அடையாளமோ கடைசியாகத் திருத்திய நேரமோ எதுவுமே சொல்லப்படவில்லை என்றால் பிரவுசர் தொடர்வதற்கே துணியாது, முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆகவே ஆவணத்தை ஒருமுறை உருவாக்கினால் ஒருநாளாவது அதே பிரதியை வைத்திருக்க வேண்டும்.

அதற்காக இன்று பலர் கையாள்வது, கோப்பை மேகச் சேமிப்பில் வைத்து, சில நிமிடத்துக்கு மட்டும் செல்லும் கையொப்பமிட்ட இணைப்பைக் கொடுப்பது. பாதுகாப்பான வழிதான். ஆனால் 5 நிமிடம் என்று கெடு வைத்தால் பள்ளத்து மாணவிக்கு வேறு மாதிரி முடியும். அமேசானின் எஸ்3 போன்ற சேமிப்பில் கெடு சரிபார்க்கப்படுவது கேட்கும் நேரத்தில்தான். ஏற்கெனவே தொடங்கிய இறக்கம் கெடு தாண்டியும் ஓடும். எட்டாவது நிமிடத்தில் அறுந்து, தொடரக் கேட்டால் 403. பிரவுசரிடம் இருப்பது பாதிக் கோப்பும் செத்த முகவரியும். 13 விநாடியில் முடிகிற இடத்தில் 5 நிமிடம் தாராளமாகத் தெரியும். நான் சில மணி நேரமாவது வைக்கச் சொல்வேன். கெடு முடிந்தால் செயலியே புதிய இணைப்பை வாங்கி அதே பைட்டிலிருந்து தொடரும்படியும் எழுதச் சொல்வேன்.

பக்கத்துக்குள்ளேயே ஜாவாஸ்கிரிப்ட்டால் கோப்பு முழுதையும் ஃபோனின் நினைவகத்தில் சேர்த்து, கடைசியில் ஒரே வீச்சில் சேமிக்கும் முறை இப்போது பரவியிருக்கிறது. அழகான முன்னேற்றப் பட்டை காட்டலாம் என்பதற்காகச் செய்கிறார்கள். இது எனக்கு உடன்பாடில்லை. இடையில் அழைப்பு வந்து திரை மாறி, விலை குறைந்த ஃபோன் நினைவகத்தை மீட்க அந்தப் பக்கத்தை மூடினால் அதுவரை இறங்கியதெல்லாம் போய்விடும், தொடர வழியே இல்லை. பிரவுசரின் சொந்த டவுன்லோடு வசதியிடம் நேரான முகவரியைக் கொடுத்தால் அது பைட்டுகளை வர வர டிஸ்கில் எழுதும், பின்னணியில் ஓடும், அறுந்தால் தொடரவும் பார்க்கும்.

கோப்புக்குத் தமிழில் பெயர் வைப்பது பற்றியும் இரண்டு வரி. தலைப்பு வரிகளின் பழைய வழக்கம் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கானது. "பட்டா" என்று அப்படியே போட்டால் கோணல்மாணலான லத்தீன் எழுத்துகளாகச் சேமிக்கப்படும். யூடிஎஃப்-8 முறையில் பெயரைக் குறியீடாக்கி அனுப்ப 2011-இலிருந்தே இணையத் தரநிலை இருக்கிறது. "பட்டா" யூனிகோடில் 5 குறி, 15 பைட், குறியீடாக்கினால் 45 எழுத்து. அவ்வளவுதான் செலவு. தமிழ்ப்பெயர் ஒத்துவராது என்று ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்வதற்கு இப்போது காரணம் ஏதும் இல்லை.

இவற்றை எல்லாம் அலுவலக நாற்காலியிலிருந்தே சோதித்துவிடலாம். பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் வேகத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறது. விநாடிக்கு 256 கிலோபிட்டுக்குக் குறைத்துவிட்டு 33 எம்பி கோப்பைக் கேட்க வேண்டும். 40 சதவீதத்தில் நெட்டைத் துண்டித்து, கையொப்பமிட்ட இணைப்பின் கெடு தாண்டும்வரை காத்திருந்து, மறுபடி இணைத்துத் தொடர வேண்டும். முடிந்ததும் மூலக் கோப்புக்கும் இறங்கிய கோப்புக்கும் ஷா-256 எண்ணை எடுத்து ஒப்பிட்டால், ஒரு பிட் மாறியிருந்தாலும் தெரிந்துவிடும்.

சர்வரின் பதிவேட்டையும் இதே கண்ணோடு படிக்க வேண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் அதில் ஒரு வரி இருக்கும். 200, 404 போன்ற எண்ணும், எத்தனை பைட் அனுப்பப்பட்டது என்ற கணக்கும் அதே வரியில் இருக்கும். நிர்வாகத் திரைகள் 200-களை எண்ணி 99 சதவீதம் வெற்றி என்று பச்சையாகக் காட்டும். ஆனால் 200 என்ற எண் முதல் பைட்டுக்கு முன்பே எழுதி அனுப்பப்பட்டுவிடுகிறது. 1,20,00,000-ஆவது பைட்டில் இணைப்பு அறுந்தாலும் பதிவேட்டில் இருப்பது 200-தான். பக்கத்தில் உள்ள பைட் கணக்கு மட்டும் குறைவாக இருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. ஒரே முகவரியிலிருந்து ஒரே கோப்புக்கு நான்கைந்து 200-கள் அடுத்தடுத்து, ஒவ்வொன்றிலும் 3,35,57,760-க்குக் குறைவான வெவ்வேறு பைட் கணக்கு, 206 ஒன்றுகூட இல்லை என்று இருந்தால், யாரோ ஒருவர் அத்தனை முறையும் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார், சர்வர் ஒருமுறையும் தொடர விடவில்லை. அந்த வரிகளைத் தனியே பிரித்துக்காட்ட ஒரு சின்ன நிரல் போதும். டவுன்லோடு பொத்தான் வைத்திருக்கிற ஒவ்வொரு அலுவலகமும் அதை வாரம் ஒருமுறையாவது ஓட்ட வேண்டும்.